முதலாளி, தொழிலாளி, நோயாளி: 'ஆள்' என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்?

வண்டலூரான்:
எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. முதலாளி என்றால் முதலை ஆள்கிறவர், தொழிலாளி என்றால் தொழிலை ஆள்கிறவர் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "அப்ப நோயாளி நோயை ஆள்றாராப்பா? கடனாளி கடனை ஆள்றாரா? அதுங்கதானே இவங்கள ஆளுது?" என்கிறாள். சரி, நாளைக்குச் சொல்கிறேன் என்று தூங்க வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் எனக்கே தூக்கம் வரவில்லை. நாட்டை ஆண்டான் என்கிறோம். வயலில் நடவுக்கு நாலு ஆள் வேண்டும் என்றும் சொல்கிறோம். மேலே உட்கார்ந்திருப்பவர் செய்கிற வேலைக்கும் கீழே குனிந்து நிற்கிறவருக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? ஆளப்படுகிறவன் என்பதால்தான் 'ஆள்' என்று பெயரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்திரைத்தாள்:
தம்பி, நான் இலக்கணம் படித்தவன் இல்லை, கும்பகோணம் பக்கம் 26 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். உங்கள் மகள் கேட்டதற்குப் பதில் எங்கள் தொழிலிலேயே இருக்கிறது. கிரயப் பத்திரத்தின் கடைசியில் ஒரு வாசகம் வரும், எங்கள் குருநாதர் எழுதியதும் அதுதான், நானும் அதைத்தான் எழுதுகிறேன்: "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." அஞ்சு சென்ட் மனை வாங்குகிறவர் யாரை ஆளப் போகிறார்? அங்கே ஆளுதல் என்றால் கையில் வைத்திருப்பது, தன் உடைமையாகப் புழங்குவது, அவ்வளவுதான். போன மாதம் என்னிடம் தட்டச்சு செய்யச் சேர்ந்த பையன், "ஐயா, இந்த 'ஆண்டு'க்கு முன்னாடி எண் விட்டுப்போச்சா?" என்று கேட்டான். வருடம் என்று நினைத்துவிட்டான். அந்த அளவுக்கு இந்தப் பொருள் இன்று மறைந்துவிட்டது.

நோயாளி என்றால் நோயை உடையவர். கடனாளி கடனை உடையவர். பங்காளிக்குப் பங்கு உண்டு, முதலாளிக்கு முதல் உண்டு, தொழிலாளிக்குக் கையில் தொழில் உண்டு. பாப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

மெய்க்கீர்த்தி:
முத்திரைத்தாள் ஐயா சொன்னது மிகச் சரி, அதற்கு வள்ளுவரிடமே சாட்சி இருக்கிறது. 252ஆம் குறள்: "பொருளாட்சி போற்றாதார்க்கு இல்லை அருளாட்சி ஆங்கில்லை ஊன்தின் பவர்க்கு." பொருளைக் காப்பாற்றத் தெரியாதவனுக்குப் பொருளாட்சி இல்லை என்றால், பொருளை வைத்திருந்து அதன் பயனை அடைவது இல்லை என்று பொருள். ஆட்சி என்றதும் நமக்குக் கோட்டையும் கொடியும் ஞாபகத்துக்கு வருகின்றன, வள்ளுவர் அங்கே ஒரு வீட்டுக்காரனின் பணப்பெட்டியைப் பற்றிப் பேசுகிறார்.

இன்னும் ஒரு படி மேலே போய் நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் ஆளுவதைக் குறிக்கிற முக்கியமான சொற்கள் அடியில் உடைமைச் சொற்களாகவே இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனுக்கு என்ன மரியாதைச் சொல்? "உடையார் ஸ்ரீ ராஜராஜ தேவர்." கோயிலுக்குள் இருக்கும் இறைவனும் "ராஜராஜீஸ்வரம் உடையார்". அரசனும் உடையவன், ஆண்டவனும் உடையவன். மைசூர் உடையார்களின் பட்டமும் கன்னடத்தில் இதே பொருளில் வந்ததுதான்.

அதே கல்வெட்டுகளில் அவனுடைய அக்கா எப்படிக் குறிக்கப்படுகிறாள் என்று பாருங்கள்: "ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்." ஆழ்வார் என்றால் பக்தியில் ஆழ்ந்தவர் என்று நாம் பள்ளியில் படித்தோம். அந்தப் பொருள் குந்தவைக்கு எப்படிப் பொருந்தும்? இது 'ஆள்வார்' என்ற மதிப்புச் சொல், ளகரம் ழகரமாக மாறிவிட்டது, பிறகு அந்த ழகரத்துக்கு ஏற்ப 'ஆழ்ந்தவர்' என்ற விளக்கம் வந்து ஒட்டிக்கொண்டது என்று ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதைக்கு ஆண்டாள் என்று பெயர் நிலைத்ததும் இந்த வழியில்தான். அவள் மட்டும் ளகரத்தை விடவில்லை.

மல்லேஸ்வரம் அக்கா:
பெங்களூரில் முப்பது வருடமாக இருக்கிறேன். கன்னடத்திலும் இதே இரட்டைதான். ஆளு என்றால் ஆட்சி செய், ஆளு என்றால் வேலைக்காரன். ஆட்சிக்கு 'ஆள்விகெ', நிர்வாகத்துக்கு 'ஆடளித', எல்லாம் நம் ஆள்தான். ஒரு பழமொழி என் பக்கத்து வீட்டு அஜ்ஜி அடிக்கடி சொல்வார்: "ஆளாகி துடி, அரசனாகி உண்ணு." துடி என்றால் அங்கே பாடுபடு. ஆளாகப் பாடுபடு, அரசனாகச் சாப்பிடு. அந்தப் பழமொழியில் ஆளும் அரசனும் எதிரெதிர் முனையில் நிற்கிறார்கள். அதனால் வண்டலூரான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு முத்திரைத்தாள் ஐயாவின் பதில் போதவில்லை என்று நினைக்கிறேன். உடைமை என்றால், உடையவனுக்கும் உடைமைக்கும் ஒரே பெயரா?

கரிசல்காகம்:
அக்கா சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார். இதற்குத் தெலுங்கு வழியாகப் போனால்தான் விடை கிடைக்கும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தெலுங்கில் ஆட்சி செய்வதற்கு 'ஏலு' என்பார்கள். தலைவன் 'ஏலிக'. தெலுங்குக் கீர்த்தனை கேட்கிறவர்களுக்கு 'ஏலுகோ' என்று கடவுளைக் கெஞ்சும் சொல் பழக்கமாக இருக்கும். என்னை ஏற்றுக் காப்பாற்று என்று பொருள், நம்முடைய 'ஆட்கொள்' மாதிரி. சரி, தமிழ் ஆகாரம் தெலுங்கில் ஏன் ஏகாரமாக இருக்கிறது? இது தனியாக நிற்கும் விஷயம் இல்லை. யானை/ஆனை அங்கே ஏனுகு. யாண்டு/ஆண்டு (வருடம்) அங்கே ஏடு. யாறு/ஆறு அங்கே ஏறு. யாடு/ஆடு அங்கே ஏட. எல்லாவற்றிலும் பழைய தமிழில் முன்னால் ஒரு யகரம் இருந்திருக்கிறது, நாம் அதை உதிர்த்துவிட்டோம், தெலுங்கு அதை ஏகாரமாக மாற்றிக்கொண்டது. இந்த வரிசையில் ஆள்/ஏலு என்ற ஜோடியை வைத்துப் பாருங்கள். ஆட்சி செய் என்ற பொருளுள்ள ஆளுக்கும் அடியில் ஒரு 'யாள்' இருந்திருக்க வேண்டும் என்று ஆகிறது.

மனிதன், வேலைக்காரன், வீரன் என்ற பொருளுள்ள 'ஆள்' என்ற பெயர்ச்சொல்லுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அதனால்தான் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் (முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984) இந்த இரண்டும் ஒரே பதிவில் வரவில்லை, தள்ளித்தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆக, 'ஆளப்படுகிறவன் ஆள்' என்ற விளக்கம் கேட்க அழகாக இருக்கும், வேர் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு வேறு வேறு சொற்கள் நடந்து வந்து ஒரே வாசலில் சேர்ந்துகொண்டன. யகரம் போனதால் தமிழிலும் கன்னடத்திலும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

பருத்தித்துறையான்:
இலங்கையில் இருந்து ஒரு சின்னச் சேர்க்கை. எங்களிடம் பிறப்பு, அடையாள அட்டை போன்ற விஷயங்களில் 'ஆள்' என்பது மிக மரியாதையான, நடுநிலையான சொல். அடையாள அட்டை வழங்கும் அரச நிறுவனத்தின் பெயரே ஆட்பதிவுத் திணைக்களம். அங்கே ஆள் என்றால் சட்டத்தின் முன் ஒரு நபர், அவ்வளவுதான். வேலைக்காரன் என்ற வாடை துளியும் இல்லை.

இன்னொன்று. உங்கள் ஊரில் மாவட்டத் தலைமை அதிகாரியை ஆட்சியர், ஆட்சித் தலைவர் என்று சொல்வது எங்களுக்கு எப்போதும் வியப்பு. நாங்கள் அரசாங்க அதிபர் என்றோ மாவட்டச் செயலாளர் என்றோதான் சொல்லுவோம்.

மெய்க்கீர்த்தி:
பருத்தித்துறையான் அண்ணா, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அந்தப் பதவி 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் வங்காளத்தில் தொடங்கியது, வரி வசூலிக்கிறவர் என்பதுதான் கலெக்டர் என்ற பெயரின் பொருள். நாம் தமிழாக்கும்போது வசூலிப்பவரை ஆள்பவராக்கிவிட்டோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. குடியரசு நாட்டில் ஓர் அரசு ஊழியரை 'ஆட்சியர்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, மனுவைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை வரிசையில் நிற்கிற மக்களும் தங்களை ஆளப்படுகிறவர்கள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். சொல் அப்படிச் செய்யும்.

'ஆளுமை'யும் குழப்பம்தான். ஒரு பக்கம் ஒருவருடைய தனிப்பட்ட குணநலனுக்கு ஆளுமை என்கிறோம், இன்னொரு பக்கம் அரசாங்கக் கணினிச் சேவைக்கு மின் ஆளுமை என்கிறோம். இதற்கு 'ஆளுகை' என்ற நல்ல சொல் இருக்கிறது, அதையே வைத்திருக்கலாம்.

திருத்துறையூரான்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வேர் இரண்டு என்றால் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அந்த இரண்டும் சேர்ந்து நிற்கிற அழகை யாரும் சொல்லவில்லையே. சுந்தரரின் முதல் பதிகம், முதல் பாட்டு. "பித்தா பிறைசூடீ பெருமானே அருளாளா" என்று தொடங்குகிறார், "அத்தா உனக்கு ஆளாய் இனி அல்லேன் எனலாமே" என்று முடிக்கிறார். முதல் அடியில் இறைவன் அருளாளன், அருளை உடையவன். கடைசி அடியில் பாடுகிறவர் ஆள். ஒரே பாட்டின் இரண்டு முனையிலும் இந்தச் சொல்லை வைத்துப் பூட்டியிருக்கிறார்.

அவருக்கு முன்னால் அப்பர். பல்லவ மன்னன் ஆள் அனுப்பி அழைத்தபோது பாடியதாகச் சொல்லப்படும் பதிகம். "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்." இந்த வரி எல்லோருக்கும் தெரியும், மேடைகளில் முழங்குவார்கள். அதே பாட்டு எப்படி முடிகிறது என்பதை மேடையில் சொல்ல மாட்டார்கள். "கோமாற்கே நாமென்றும் மீளா ஆளாய்" என்று வருகிறது. யாருக்கும் குடிமகன் இல்லை என்று அரசனிடம் சொல்கிற தைரியம், இன்னொருவனுக்கு மீளாத ஆள் என்பதிலிருந்துதான் அவருக்கு வருகிறது. ஆளாக இருப்பது இழிவு என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? அதுவே விடுதலையாகவும் இருந்திருக்கிறது.

வெண்ணாறு:
ஐயா, கோபப்படாமல் கேளுங்கள். அப்பர் தன் விருப்பத்தால் ஆளானார். என் அப்பா பிறக்கும்போதே ஆள்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே. என் தாத்தா பண்ணையாள், அப்பா பண்ணையாள். நிலக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, ஐயா என்றும் கூப்பிட முடியாது, 'ஆண்டே' என்றுதான் கூப்பிட வேண்டும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்று. அந்த வீட்டில் இருக்கிற ஆறு வயசுப் பையனும் 'சின்ன ஆண்டே'. இவர்கள் எல்லோரும் 'ஆள்'. "இவன் யாரு ஆளு?" என்று கேட்டால் எந்தப் பண்ணை என்று பதில் சொல்ல வேண்டும். எனவே கரிசல்காகம் சொல்கிற மாதிரி வேர் இரண்டாக இருக்கலாம், தெலுங்கில் ஏகாரம் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. என் அப்பாவின் காதில் அது ஒன்றுதான். ஆண்டை ஆள்கிறவர், இவர் ஆளப்படுகிறவர், அதனால் ஆள். அவருக்கு யாரும் அகராதி காட்டவில்லை.

1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. செங்கொடிச் சங்கம் ஏற்கெனவே வந்துவிட்டது. அப்பா சொல்லுவார், சங்கம் வந்த பிறகு முதலில் மாறியது கூலி இல்லை, கூப்பிடுகிற சொல்தான், 'ஆண்டே' வாயில் வரமாட்டேன் என்றது, அதற்குப் பதிலாக எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியாமல் ரொம்ப நாள் பேசாமலே நின்றோம் என்று.

இன்றைக்கும் ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் "நம்ம ஆளா?" என்று மெதுவாகக் கேட்கிறார்கள். அது எந்த ஆள் என்று உங்களுக்கே தெரியும்.

திருத்துறையூரான்:
வெண்ணாறு தோழர், உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். நீங்கள் சொன்னது உண்மை, நான் அதை நினைக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன பிறகுதான் சுந்தரர் கதையையே வேறு மாதிரி பார்க்கிறேன். திருவெண்ணெய்நல்லூரில் நடந்தது ஒரு வழக்கு. கிழவர் வந்து கல்யாணத்தை நிறுத்தி, "இவன் என் அடிமை" என்கிறார், கையில் ஆளோலை. சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழவர் மூல ஓலை வேறே இருக்கிறது என்று சபையில் காட்டுகிறார். அந்த ஓலையின் வாசகத்தை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதியிருக்கிறார்: வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்கு "யானும் என்பால் வருமுறை மரபுளோரும் வழித்தொண்டு செய்தற்கு ஓலை", கடைசியில் "இதற்கு இவை என் எழுத்து". எழுதியது சுந்தரரின் பாட்டன். பேரன் பிறப்பதற்கு முன்பே அவன் தலையில் எழுதப்பட்ட ஓலை. சேக்கிழார் இதைக் கற்பனையில் இருந்து மட்டும் எடுத்திருக்க முடியாது. அப்படிப்பட்ட ஓலைகள் அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்தன.

ஓர் அந்தணனுக்கு இன்னொரு அந்தணன் அடிமையாவதைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சுந்தரர் அங்கே வாதிடுகிறார். மற்றவர்கள் அடிமையாவது கேள்விப்பட்ட விஷயம்தான் என்று அதற்குள் ஒளிந்திருக்கிறது. இத்தனை வருடம் படித்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

மெய்க்கீர்த்தி:
ஆமாம். கல்வெட்டுகளில் 'ஆள்விலை' என்ற சொல்லே இருக்கிறது. நிலவிலை மாதிரி ஆள்விலை. ஆட்களை விற்றதற்கு ஆவணம் எழுதிக் கோயில் சுவரில் வெட்டியிருக்கிறார்கள்.

முத்திரைத்தாள்:
திருத்துறையூரான் எடுத்துக் காட்டிய அந்த வாசகத்தைப் பார்த்து ஆடிப்போய்விட்டேன். "யானும் என்பால் வருமுறை மரபுளோரும்." இது எங்கள் பத்திர நடை. "நானும் என் வாரிசுகளும்" என்று நாங்கள் எழுதுவது இதுதான். "இதற்கு இவை என் எழுத்து" என்பது கையொப்ப வாசகம். நான் எழுதுவது நிலத்துக்கு, அது மனுஷனுக்கு. அங்கே வழிவழியாகத் தொண்டு, இங்கே புத்திர பௌத்திர பாரம்பரியமாக அனுபவம். அமைப்பு அப்படியே இருக்கிறது. 26 வருடமாக இந்த வரியைக் கையெழுத்து மாதிரி யோசிக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கரிசல்காகம்:
வெண்ணாறு அண்ணா, நீங்கள் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. ஒரு சொல்லின் பிறப்பு வேறு, வாழ்வு வேறு. பிறப்பில் அவை இரண்டு, இதில் நான் மாற மாட்டேன். ஆயிரம் வருடத்துக்கு மேல் ஒரே வாயில் புழங்கிய பிறகு பேசுகிறவர்களுக்கு அது ஒரு சொல்லாகிவிட்டது என்பதும் மொழியின் உண்மைதான். 'ஆண்டான் அடிமை' என்று சேர்த்துச் சொல்கிற நாக்குக்கு அந்தப் பழைய யகரம் எங்கே தெரியும்?

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆளு என்ற வினை கட்டளை போடுவதை மட்டும் குறிக்கவில்லை. கருவியைக் கையாள்கிறோம், மேற்கோளை எடுத்தாள்கிறோம், சொல்லாட்சி என்கிறோம். அங்கெல்லாம் திறமையோடு பயன்படுத்துவது என்ற பொருள் இருக்கிறது. 'ஆளாக்கு' என்பதையும் பாருங்கள். "என்னைப் படிக்க வைத்து ஆளாக்கினார்" என்றால் வேலைக்காரனாக்கினார் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. நிமிர்ந்து நிற்கிற மனுஷனாக்கினார் என்று பொருள்.

மல்லேஸ்வரம் அக்கா:
'ஆளாக்கினார்' என்பதை நான் யோசிக்கவே இல்லை. என் அம்மா எங்கள் ஐந்து பேரைப் பற்றியும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வாள்.

வண்டலூரான்:
இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. மகளிடம் இன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் சொன்னேன்: நோயாளி நோயை உடையவர், 'ஆள்' என்றால் வைத்திருப்பது என்றும் பொருள், இப்படி. கேட்டுவிட்டு, "அப்ப முதலாளிகிட்ட முதல் இருக்கு, தொழிலாளிகிட்ட தொழில் இருக்கு, ரெண்டு பேரும் ஒண்ணுதானே, ஏன் ஒருத்தர் மட்டும் திட்டுறாரு?" என்றாள். பள்ளி வாசல் வந்துவிட்டது. வெண்ணாறு அண்ணா, உங்கள் அப்பா கதையை அவளிடம் சொல்லலாமா? கொஞ்சம் பெரியவளானதும் சொல்கிறேன் என்றால் சரியா?

வெண்ணாறு:
இப்போதே சொல்லுங்கள் தம்பி. எனக்கு அவள் வயதில்தான் சொன்னார்கள்.

முத்திரைத்தாள் ஐயாவின் முதல் பதிவைப் படித்ததிலிருந்து ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா போன பிறகு அம்மா நகையெல்லாம் விற்று எங்கள் ஊரிலேயே மூன்று மா நிலம் வாங்கினாள், அவள் பெயரில். அந்தப் பத்திரம் இத்தனை வருடமாக பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது, வரி கட்டும்போது எடுத்துச் சர்வே எண்ணைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன், முழுசாகப் படித்ததே இல்லை. இப்போது எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். இருக்கிறது. "தாங்களும் தங்கள் வாரிசுகளும் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." விற்றவர் பண்ணை வீட்டுக்காரர், அவர் கையெழுத்துக்குக் கீழே அம்மாவின் பெருவிரல் ரேகை.

அம்மாவுக்கு 81 வயது, கண் சரியாகத் தெரியாது. கூப்பிட்டு உட்கார வைத்து அந்த வரியை வாசித்துக் காட்டினேன். "ஆண்டுன்னா எந்த வருசம்?" என்று கேட்டாள். வருசம் இல்லை அம்மா, ஆளுறது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் அந்தத் தாளை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ படி" என்றாள்.